எங்கிருந்தாலும் உடனே வரவும்

கதவைச் சாத்தியதும் ஊரே காணாமல் போய்விட்டது. ஒரு நொடிக்கு முன்னால்வரை ஆட்டோ ஹாரனும், கீழ்க்கடைக்காரர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மிக்சியின் அலறலும் மாடிப்படி முழுக்கக் கூடவே ஏறி வந்தன. சுகந்தி அந்தத் தடித்த கதவை இழுத்து அழுத்தியதும் எல்லாம் ஒரே வெட்டில் அறுந்து விழ, சோனைமுத்துவுக்குத் தன் மூக்கில் போய்வரும் மூச்சே கேட்டது, அதுவும் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்து விடுகிற மூச்சைப் போல. மதுரைக்குள் இப்படி ஒரு இடமா என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டார். பகையாளி இடத்துக்கு வந்தவன் பராக்குப் பார்க்கக் கூடாது. சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி குழி குழியாகக் கறுப்பு ஸ்பான்சு ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்க்க விரல் ஊறியது. அவள் குனிந்து ஏதோ ஒயரைச் சொருகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு விரலால் அமுக்கினார்; அமுங்கின குழி யோசித்து யோசித்து மெல்ல மேலே வந்தது. பகையாளி இடம் என்றும் சொல்ல முடியாதுதான். இந்தப் பிள்ளையிடம் அவருக்கு என்ன பகை? பகையெல்லாம் இவளைப் பெற்றவளிடம், தன் கூடப் பிறந்த அக்கா அழகம்மாளிடம். முப்பத்தோரு வருசத்துக்கு முன்னால் இதே சுகந்திக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் அவர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார், மைக்கில் அவர் பேரைக் கூப்பிடவில்லை. அவருடைய பெரியப்பா மகன் பாண்டியை உட்காரவைத்து அவன் மடியில் குத்திவிட்டார்கள். கை நனைக்காமல் எழுந்து பஸ் ஏறியவர்தான். அதற்குப் பிறகு அக்கா வாசலை மிதிக்கவில்லை. மச்சான் செத்தபோதுகூடச் சுடுகாட்டுப் பாதையில் நின்று பாடையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஆறு வருசம் முன்னால் தன் வீட்டுக்காரி ஒச்சம்மாள் போனபோது அழகம்மாள் வந்து விழுந்து அழுதாள். அவர் பந்தக்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனசு அப்படி. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரன் ஒரு நாள் மற்றவர்களுக்குக் கிளாசிலும் தனக்கு மட்டும் பேப்பர் கப்பிலும் கொடுத்தான் என்று இருபது வருசமாக அடுத்த தெருவுக்கு நடந்து போய் டீ குடிக்கிறவர்.

"உக்காருங்க மாமா, அந்தச் சக்கர நாற்காலி ஓடும், பாத்து," என்றாள் சுகந்தி. ஓடத்தான் செய்தது. ஒரு தடவை காலால் உந்தி லேசாக ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாதவர் போல இருந்துகொண்டார். போன மாசம் இவள் வீடு தேடி வந்தாள். அன்றைக்குக் காது குத்தின அந்தக் குட்டிப் பிள்ளை, மூக்கு மட்டும் அச்சு அசலாக அழகம்மாள் மூக்கு, வாசலில் நின்று, "மாமா, ஆவணியில என் மகளுக்குக் காது குத்துறோம். எனக்குத்தான் கூடப் பிறந்தவன் இல்லியே. நீங்கதான் மடி குடுக்கணும்," என்றாள். அவர் அப்போது யோசிக்கவே இல்லை, முப்பது வருசமாக வாய்க்குள் உருட்டி வைத்திருந்ததைத் துப்பினார்: "அன்னிக்கு மைக்ல என் பேரு வந்துச்சுன்னு நீ காட்டு, வர்றேன். காட்ட முடியலன்னா உங்கம்மா எங்க வாசப்படியில வந்து நின்னு, ஆமாடா தம்பி, உன்னயக் கூப்புடலன்னு சொல்லட்டும், அப்பவும் வர்றேன்." அழுவாள், கெஞ்சுவாள் என்று பார்த்தால் சிரித்துவிட்டாள். "அவ்வளவுதானா? மைக்செட்காரர் அன்னிக்கு ரெக்கார்டு பண்ணுன கேசட்டு அம்மா பீரோவுல இருக்கு மாமா. என் பொழப்பே அதுதான், எடுத்துக் காட்டுறேன்." என்ன பிழைப்போ. பாட்டுக்குச் சத்தம் சரி பண்ணுகிற வேலை என்று ஊரில் சொன்னார்கள். சத்தத்தில் சரி பண்ண என்ன இருக்கிறது, கூட்டலாம், குறைக்கலாம், அதற்கு ஒரு திருகு போதாதா என்று அன்றிலிருந்து ஒரு குறுகுறுப்பு. காலையில் புறப்படும்போது டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்த ரோஸ் காகிதப் பொட்டலத்தை எடுத்துச் சட்டையின் உள்பையில் ஏன் போட்டுக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்குப் பிள்ளைக்குப் போட என்று வாங்கிக்கொண்டு போய், போடாமலே திருப்பிக் கொண்டுவந்த தோடு. ஒச்சம்மாள் எத்தனையோ தடவை கொடுத்தனுப்பிவிடுவோம் என்றாள். எத்தனையோ தடவை முறைத்தார். இப்போது மூச்சு விடும்போதெல்லாம் அந்தப் பொட்டலம் நெஞ்சில் மொரமொரக்கிறது. இந்தப் பாழாய்ப்போன அறையில் அதுகூடக் கேட்கிறது.

"மொதல்ல அப்படியே போடுறேன், கேளுங்க," என்று சொல்லி எதையோ தட்டினாள். இரண்டு பக்கமும் நின்ற பெட்டிகளிலிருந்து சத்தம் வரவில்லை, அந்த நாளே வந்தது. முதலில் ஒரு இரைச்சல், மணல் லாரியில் மணல் சரிகிற மாதிரி. அதற்குள்ளிருந்து மேளம். நாதசுரம் எங்கோ மேலே கிறீச்சிட்டது. பிள்ளை ஒன்று வீறிட்டு அழுதது; அது இதோ பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற இவள்தான் என்று நினைக்க வேடிக்கையாக இருந்தது. வேப்பமரம், அதன் கிளையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர், ஏழு தட்டுச் சீர்வரிசை, மூன்றாம் தட்டில் வாழைப்பழத்தின் மேல் எறும்பு ஊர்ந்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பந்தலுக்கு வெளியே மைக்செட்டுக்காரர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். புது வேட்டியின் கஞ்சி தொடையில் குத்தியது. கூப்பிட்டதும் எழுந்துபோக வேண்டும், எழும்போது வேட்டி மடிப்புக் கலையக் கூடாது என்று நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எல்லாம் நினைப்பிருக்கிறது. எறும்புகூட. அங்கிருந்து அப்படியே அடுத்த நினைப்பு பஸ்ஸில் ஜன்னல் கம்பி. நடுவில் எப்படி எழுந்தார், யாரிடம் என்ன சொன்னார், ஒச்சம்மாள் எப்படிப் பின்னால் வந்தாள், அது மட்டும் சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்த மாதிரி. கோபத்தில் எவனுக்கு என்ன நினைப்பிருக்கும்? அப்போது பெட்டிக்குள்ளிருந்து கரகரத்த ஒரு குரல், "குழந்தையின் தாய்மா..." என்று எழும்பியது, மேளம் டமடமவென்று அதன்மேல் விழுந்தது, மறுபடி தலை தூக்கி, "...எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும்," என்று முடித்தது. சோனைமுத்து நாற்காலியில் நிமிர்ந்தார். "பாத்தியா? பேரு எங்க? பேரே இல்ல!" என்றார். குரல் அந்த அறைக்கு ரொம்பப் பெரிசாக இருந்தது. ஜெயித்தாயிற்று. அழகம்மாள் வந்து வாசலில் நிற்கட்டும். அவள் நிற்கிறதை நினைத்துப் பார்த்தார், சந்தோசமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சந்தோசத்துக்குக் கீழே கருவேல முள் மாதிரி ஒன்று நெருடியது. பேர் இல்லாதது நெருடவில்லை. அந்த மற்ற வார்த்தை. எங்கிருந்தாலும். முப்பத்தோரு வருசம் கழித்து இப்போதுதான் கேட்கிறார், இருந்தும் கேட்டவுடனே காது மடல் சூடாகிறதே, இது ஏன்? மைக்கில் யாரைக் கூப்பிட்டாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பொண்ணோட சித்தப்பா எங்கிருந்தாலும் வரவும். சமையல்காரர் எங்கிருந்தாலும் வரவும். இதில் சூடாக என்ன இருக்கிறது?

"பேரு உள்ள இருக்கு மாமா. மேளம் மேல உக்காந்திருக்கு, அவ்வளவுதான். கம்ப்ரஸர் போட்டு மேளத்த அமுக்குறேன்." கம்ப்ரஸரா? அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பங்க்சர் கடையில் டடடவென்று அதிர்கிற அந்தப் பீப்பாயை இவள் எங்கே ஒளித்துவைத்திருக்கிறாள்? "காத்தடிக்கிறதா?" என்றார். அவள் சிரிக்கவில்லை, அது பிடித்திருந்தது. "இல்ல மாமா, இது சத்தத்துக்கு. இங்க பாருங்க, இந்தக் கோடு. சத்தம் கோட்டுக்குக் கீழ இருக்கிறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது. கோட்டத் தாண்டுனா, தாண்டுனத மட்டும் அமுக்கும். நாலு பங்கு தாண்டுனா ஒரு பங்குதான் வெளிய விடும்." அவர் நாற்காலியைக் காலால் இழுத்துக் கிட்டே கொண்டுபோனார். திரையில் இங்கிலீசு எழுத்து எறும்பாக ஊர்ந்தது. இரண்டாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு அது எட்டாது. ஆனால் எண்ணும் கோடும் தெரியும். முப்பது வருசம் வாய்க்காலில் லஸ்கர் வேலை பார்த்தவர். வாய்க்கால் தலைப்பில் நின்று, அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, ஷட்டரை ஏற்றி இறக்கி, ஊர் ஊருக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிற வேலை. "இது ஷட்டருத்தா!" என்றார். வாயை மூட முடியவில்லை. "அளவு தாண்டுனா எறக்குறது. எம்புட்டு நேரத்துல எறக்கும்? சட்டுன்னு எறக்குமா, மெதுவாவா?" சுகந்தி திரும்பிப் பார்த்தாள். "இத மொத நாள்லயே யாரும் கேட்டதில்ல மாமா." "சட்டுன்னு எறக்குனா தண்ணி எகிறி கரைய ஒடைக்கும். சட்டுன்னு தூக்குனா கடைமடையில குபுக்கு குபுக்குன்னு போயி நாத்தெல்லாம் படுத்துரும்." "இதுவும் அதேதான்," என்று ஏதோ இரண்டு எண்ணைக் குறைத்துப் போட்டுக் காட்டினாள். மேளம் அடங்கியது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இரைச்சல் புஸ் புஸ்ஸென்று ஏறி இறங்கி, ஆஸ்துமாக்காரன் மூச்சு வாங்குகிற மாதிரி கேட்டது. எண்ணை ஏற்றினாள், மூச்சு சமாதானமாயிற்று. அவருக்குத் தொடை தட்டத் தோன்றியது. சத்தத்துக்கும் கடைமடை இருக்கிறது! இதை டீக்கடையில் சொன்னால் எவன் நம்புவான்? அந்த டீக்கடையில் அவர் சொல்லவும் மாட்டார்.

ஆனால் மேளம் அடங்கியபோது கூடவே நாதசுரமும் பிள்ளை அழுகையும் மைக் குரலும் குனிந்துகொண்டதைக் கவனித்தார். மேளம் ஒரு அடி விழ, எல்லாரும் சேர்ந்து முங்கி எழுந்தார்கள். "மேளக்காரன் பண்ணுன தப்புக்கு எல்லாரையும் முக்குறியேத்தா," என்றார். "அதான் மாமா சிக்கல். ஒரே ஷட்டரு, எல்லாம் ஒரே வாய்க்கால்ல வருது. அதுக்குத்தான் மல்ட்டிபேண்டு." கல்யாணத்தில் சிவப்புச் சட்டை போட்டு ஊதிக்கொண்டு போவார்களே, அந்த பேண்டு நாலு செட்டு வரிசையாகப் போவது கண்ணில் வந்துவிட்டுப் போனது. அவள் திரையில் ஒரு பட்டையை நாலு துண்டாகக் கோடு போட்டுப் பிரித்தாள். அடியில் கிடக்கிற தடித்த சத்தம், மேளத்தின் இடது பக்கம், முதல் வாய்க்கால். அதற்கு மேல் ஆள் பேச்சின் கனம், இரண்டு. பேச்சின் கூர்மை, குழாய் ஸ்பீக்கர் கரகரப்பு, நாதசுரம், மூன்று. உச்சியில் தாளமும் இரைச்சலும், நாலு. நாலுக்கும் நாலு அளவுக்கல், நாலு ஷட்டர், மேசைமேல் நாலு திருகு. "மேளம் வெள்ளமா வந்தா மேளத்தோட ஷட்டர் மட்டும் எறங்கும். மத்தவங்களுக்குத் தண்ணி கொறையாது. அடங்குனதுக்கப்புறம் எல்லாத்தையும் சேத்து ஒரு பிடி தூக்கி விடுவேன், சின்னச் சத்தமெல்லாம் மேல வந்துரும்." "இல்லாத சத்தம் வருமா?" என்று கேட்டார். எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை. "வராது மாமா. இருக்கிறதுதான் வரும்." ஆமாம். ஷட்டர் தண்ணீரை உண்டாக்காது. அணையில் இருந்தால்தான் வரும். அவள் திருகத் திருக, மணலுக்குள் கிடந்த வெள்ளரிக்காயைக் கழுவி எடுத்த மாதிரி அந்தக் கரகரத்த குரல் தனியாக எழுந்து நின்றது: "குழந்தையின் தாய்மாமன் சோனைமுத்து அவர்கள் எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும்." அவர் பேர். 'அவர்கள்' வேறு. முடித்து நாலைந்து மூச்சு விட்டு மறுபடியும், அதே வார்த்தை, அதே பேர். இரண்டு தடவை.

குரலின் கரகரப்பு அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் ஆச்சரியம். முப்பத்தோரு வருசமாகச் சொல்லி வந்தது ஒரு பக்கம், காதில் விழுகிறது ஒரு பக்கம், இரண்டும் எதிரெதிரே வருகிற வண்டிகள் மாதிரி வழியடைத்து நின்றன. சுகந்தி நாற்காலியைத் திருப்பினாள். முகத்தில் ஜெயித்த களை இல்லை. மெதுவாக, சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்ததைப் போல, "கூப்பிட்டிருக்காங்க மாமா. ஆனா அந்த மேளத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது. அம்மா மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. இதோட விட்ருவோமா?" என்றாள். அட, இது நல்ல வழியாக இருக்கிறதே. கூப்பிட்டார்கள், கேட்கவில்லை. யார் குறை? மேளக்காரன் குறை. அவன் செத்துப்போய்க்கூட இருப்பான். விடுவிடுவென்று ஆவணிக்குப் போய் மடியில் பிள்ளையை வைத்து, அக்கா கையால் ஒரு வாய்... அவர் செருமிக்கொண்டார். "சரி," என்றார். "சரிதேன்." "நான் கீழ போய் டீ வாங்கிட்டு வர்றேன். கிளாஸ்லயே வாங்கிட்டு வர்றேன்," என்று எழுந்தாள், ஊரில் எவனாவது சொல்லியிருப்பான், இந்தக் கிளாசு கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கதவருகே நின்று, "அது பாட்டுக்கு ஓடட்டும், அந்த அரை நிமிசந்தான் சுத்திச் சுத்தி வரும். திருகு எதையும் தொட வேணாம் மாமா. ரெண்டாவதத் தொடவே வேணாம்," என்றாள். கதவு மூடியது.

தொட வேண்டாம் என்றால் தொடமாட்டார். இன்னொரு ஆள் பொறுப்பிலிருக்கிற ஷட்டரைத் தொடுகிறவன் லஸ்கரே இல்லை. தாய்மாமன் சோனைமுத்து அவர்கள் எங்கிருந்தாலும். சுற்றி வந்தது. தாய்மாமன் சோனைமுத்து அவர்கள் எங்கிருந்தாலும். கூப்பிடுகிற குரல் முதல் கூப்பாட்டுக்கும் இரண்டாம் கூப்பாட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டது, அந்த இடைவெளியில் திரையில் இரண்டாம் வாய்க்காலில் மட்டும் ஒரு சின்ன மேடு எழுந்தது. மேளம் இல்லை, மேளம் அடியில் தனியாகக் குதிக்கிறது. நாதசுரம் இல்லை. அப்புறம் இது யார்? ஒவ்வொரு சுற்றுக்கும் அதே இடத்தில் அதே மேடு, நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிற மாதிரி. மற்ற மூன்று வாய்க்காலிலும் கோடு ஒரே சீராக இருக்க, இரண்டாவதில் மட்டும் ஷட்டர் ரொம்பக் கீழே இறங்கிக் கிடப்பதை அவர் கண் கண்டுகொண்டது. தண்ணீர் வராத வாய்க்காலில் எதற்கு இவ்வளவு இறக்கிவைத்திருக்கிறாள்? இது வேலை தெரிந்தவள் செய்கிற காரியமா? தாய்மாமன் சோனைமுத்து அவர்கள் எங்கிருந்தாலும். மேடு. உடனே பந்தலுக்கு வரவும். பார்த்தால் என்ன, பார்த்துவிட்டு இருந்தபடியே வைத்துவிடலாம், ஒரு கால் சுற்று. முப்பது வருசத்தில் அவர் பெருவிரலுக்குத் தெரியாத திருகா? தொட்டார். கொஞ்சம் வழவழப்பாக, கதகதப்பாக இருந்தது. கால் சுற்று. இரைச்சல்தான் கூடியது. அரைச் சுற்று. முணுமுணு. வாய்க்கால் கரையில் யாரோ இரண்டு பேர் அந்தப் பக்கம் பேசிக்கொண்டு போகிற மாதிரி. முக்கால் சுற்றில் ஒரு பொம்பளைக் குரல் வெளியே வந்தது. "ஏங்க. உங்களத்தேன். போங்க."

கை அப்படியே நின்றது. ஆறு வருசமாக அவர் அந்தக் குரலைத் தேடிக்கொண்டிருந்தார். முகம் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. குரல்தான் நழுவிப் போய்விட்டது. விடிகாலையில் அடுப்படிச் சத்தம் கேட்டால் பிடிபடுகிற மாதிரி வரும், திரும்பினால் இருக்காது. ஒச்சம்மாள். முப்பத்தி இரண்டு வயசு ஒச்சம்மாள், மூச்சிரைக்க, முந்தானையில் எதையோ துடைத்துக்கொண்டே பேசுகிற குரல். சுற்று முடிந்து மறுபடி வந்தது. ஏங்க. உங்களத்தேன். போங்க. இப்போது அதன் பின்னாலேயே இன்னொரு குரல் இருப்பதும் தெரிந்தது, தடித்த, மிடுக்கான, யாரோ ஒரு திமிர் பிடித்தவன் குரல். "எங்கிருந்தாலுமாம்ல? நான் என்ன காணாமப் போனவனா? பத்தடியில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலையா? வந்து பாத்துக் கூப்புடட்டும்." "பிள்ள அழுகுதுங்க." "அழுகட்டும்." அவர் திருகிலிருந்து கையை எடுத்தார். எடுத்தாலும் அது நிற்கவில்லை, அரை நிமிசம், திரும்பத் திரும்ப, தாய்மாமன் சோனைமுத்து அவர்கள் எங்கிருந்தாலும், உங்களத்தேன் போங்க, காணாமப் போனவனா, பிள்ள அழுகுதுங்க, அழுகட்டும், தாய்மாமன் சோனைமுத்து. எச்சில் தொட்டு அழித்த சிலேட்டில் எழுத்து ஒவ்வொன்றாக ஏறியது. மைக்செட்டுக்காரன் வெளியூர்க்காரன். அவனுக்கு இவர் முகம் தெரியாது. சீட்டைப் பார்த்துப் படித்தான். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தபடியே எங்கிருந்தாலும் என்றான். அவ்வளவுதான். தேர்த்திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் கூப்பிடுகிற மாதிரி, ஊர் முன்னால், தன்னை எங்கிருந்தாலும் என்று கூப்பிட்டதும் காது மடல் சூடானது. வேட்டி நுனியை விட்டுவிட்டுக் கால்மேல் கால் போட்டார். யாராவது வந்து கையைப் பிடித்துக் கூப்பிடட்டும். அக்கா வரட்டும். அக்கா மடியில் வீறிடும் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி வருவாள் என்று அப்போது தோன்றவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று எவனோ கத்தினான், பாண்டி உட்கார்ந்தான். பஸ்ஸில் ஒச்சம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டவர்களிடம், மைக்கில் எங்கிருந்தாலும் என்று கூப்பிட்டார்கள் என்றா சொல்ல முடியும், சிரிப்பார்கள். கூப்பிடவில்லை என்று சொன்னார். ஒரு தடவை சொன்னது, பத்துத் தடவை, நூறு தடவை. சொல்லச் சொல்ல அதுவே பெரிய சத்தமாகி, இது கீழே அமுங்கிப் போயிற்று. கூடவே அவள் குரலும். இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், இருபத்தைந்து வருசம் அவரோடு ஒரே தட்டில் சோறு பிசைந்தவள், ஒரு நாள்கூட, 'ஏங்க, கூப்பிட்டாங்கல்ல' என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பயமா? பயந்த ஆளும் இல்லையே அவள். இதைப் போய் இனிமேல் யாரிடம் கேட்பது? தோட்டைக் கொடுத்தனுப்பிவிடுவோம் என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவள் கேட்டது போல.

கதவு திறந்ததும் மிக்சி சத்தமும் ஹாரனும் டீ வாசனையும் சேர்ந்து உள்ளே விழுந்தன. மூடியதும் பெட்டிக்குள் அவர் குரல் மட்டும், அழுகட்டும், என்றது. சுகந்தி இரண்டு கிளாசையும் பிடித்தபடி நின்றாள். ஓடிவந்து நிறுத்தவில்லை. டீயை மேசையில் வைத்தாள். "எத்தன நாளாத் தெரியும்?" என்று கேட்டார். "மூணு நாளா மாமா." "உங்கம்மாளுக்கு?" "இல்ல. பேரு வர்ற எடத்த மட்டும் போட்டுக் காட்டி, மேளத்துல மாமாவுக்குக் கேக்கலம்மான்னு சொல்றதா இருந்தேன்." அவள் முகத்தைப் பார்க்காமல் டீயை எடுத்தார். கிளாசு சுட்டது. இந்தச் சின்னப் பிள்ளை, மூன்று நாளாக, அவர் குரலை மறைத்துவைக்க ஷட்டரை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை, எங்கிருந்தாலும் வரவில்லை. "அந்தப் பொம்பள கொரல் யாருன்னு தெரியுமா?" "அத்ததான? நான் பேசிப் பழகலையே மாமா. அம்மாதான் அடிக்கடி சொல்லும், ஒச்சம்மா கொரலு கருப்பட்டின்னு." பெட்டி அவரைக் கூப்பிட்டது: ஏங்க. உங்களத்தேன். அவர் ஒரு சுற்று கேட்டார், இன்னொரு சுற்று கேட்டார். பிறகு, பார்வையைத் திருகில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "இதுல என்னோடத மட்டும் அமுக்கிட்டு, அவளோடத விட முடியுமாத்தா? எனக்கு ஒரு செல்லுல ஏத்திக் குடு. உங்கம்மாளுக்கும் கேக்கணும்ல," என்றார். சுகந்தி திருகு ஒவ்வொன்றாகத் தொட்டாள், கோட்டை நகர்த்தினாள், பிரித்த இடத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவருடைய குரல் தேயத் தேய ஒச்சம்மாளும் தேய்ந்தாள். அவள் எழ எழ அவரும் எழுந்தார். "ஆகல மாமா," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே வாய்க்கால்ல வர்றீங்க. ஒருத்தர அமுக்குனா இன்னொருத்தரும் போயிருவாங்க."

ஸ்பான்சுச் சுவரில் வந்ததும் அமுக்கின இடம் எது என்று தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. அழகம்மாள் இதைக் கேட்பாள். எழுபது வயசில், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, தம்பி சொன்ன பொய்யைத் தம்பி வாயாலேயே கேட்பாள். பாண்டிகூடக் கேட்பான், அவன் சிரிப்பான், அந்தச் சிரிப்பை ஆயுசுக்கும் மறக்க மாட்டார், அது வேறு கணக்கு. ஏங்க. போங்க. பிள்ள அழுகுதுங்க. "அப்ப ரெண்டையும் விடு," என்றார். "தெறந்து விடு. கேக்கட்டும்." உள்பைக்குள் கையை விட்டு ரோஸ் காகிதத்தை எடுத்து இரண்டாம் திருகுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் பிரித்துப் பார்த்து, சின்னஞ்சிறு தோடு இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மூக்கு நுனி சிவந்தது, அழகம்மாள் மூக்கு. "திருகாணி இறுகிப் போயிருக்கும்," என்று டீயை ஊதினார், "பிள்ள காதுல போட்டுப் பலவந்தமாத் திருகிறாத. ஆசாரிகிட்டக் காட்டிப்புட்டுப் போடு." சுகந்தி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஆவணிக்கு மைக்செட்டு சொல்லியாச்சு மாமா. உங்கள எத்தன தடவ கூப்பிடச் சொல்லட்டும்?" என்றாள். கேலியா, நிஜமாகவே கேட்கிறாளா என்று பிடிபடவில்லை. அந்தக் குறும்பும் மூக்கைப் போல அழகம்மாளிடமிருந்து வந்ததென்று மட்டும் தெரிந்தது. கடைசி வாய் டீயைக் குடித்து, கிளாசைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"ஒரு தடவ போதும்," என்றார் சோனைமுத்து. "ஆனா அவன்கிட்டச் சொல்லி வையி, எங்கிருந்தாலும்னு போட வேணாம். நான் பந்தலுக்குள்ளதேன் இருப்பேன்."